காணாமல் போன டிஸ்க் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், குளச்சல் பக்கத்து ஐஸ் பிளாண்ட் ஒன்றிலிருந்து போன் வந்தது. கேமரா பதிவுகளைச் சேமிக்க அங்கே ஒரு லினக்ஸ் கணினி உண்டு. டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். உரிமையாளர் சொன்னார்: "மக்ளே, முன்னாடி முப்பது நாள் படம் கிடக்கும். இப்போ இருபத்தாறு நாளுக்கு முந்தினது ஒண்ணும் கிடைக்கல்ல. கேமராவும் கூட்டல்ல, ஒண்ணும் மாத்தவும் இல்ல. அந்த நாலு நாள் எங்க போச்சு?"

அங்கே ஒரு நாள் பதிவுக்குச் சுமார் 29 ஜிபி ஆகும். நாலு நாளுக்கு 116 ஜிபி. அந்த 116 ஜிபியில் ஃபைலும் இல்லை, அது காலி இடமாகவும் காட்டவில்லை. இடம் எங்கே போனது என்று தேடிய வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு அச்சகம், ஸ்டுடியோ, பள்ளிக்கூட லேப் என்று சின்னச் சின்ன இடங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கூப்பிடுகிறவர்களில் பலர், நான் போய்ச் சேர்வதற்குள் பயத்தில் எதையாவது அழித்திருப்பார்கள். இடம் தொலைந்ததால் ஒரு ஃபைல்கூடக் கெட்டிருக்காது. அவசரமாக அழித்ததில்தான் யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ போயிருக்கும். அதனால் முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது.

ஒரு குறிப்பு. கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். எல்லாக் கட்டளைகளையும் ரூட் (நிர்வாகி) உரிமையோடு, அதாவது முன்னால் சுடோ சேர்த்து, ஓட்டுங்கள்.

முதல் படி: இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

"டிஎஃப் -எச் /" என்று ஒன்று. "டியூ -எக்ஸ்எஸ்எச் /" என்று இன்னொன்று. இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பற்றித்தான் சொல்கின்றன. ஆனால் கேட்கும் இடம் வேறு.

நம் ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். பட்டாவில் 12 சென்ட் என்று இருக்கும். சங்கிலி போட்டு அளந்தால் 11 சென்ட் வரும். டிஎஃப் பார்ப்பது பதிவேட்டை: இந்த ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் அமைப்பு) எத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டு) போயிருக்கிறது, எத்தனை மீதி என்று ஃபைல் சிஸ்டமே வைத்திருக்கும் கணக்கை வாங்கிக் காட்டும். அதனால்தான் ஒரு நொடியில் பதில் வருகிறது. டியூ சங்கிலியோடு நடந்து அளப்பது: ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, கண்ணில் படும் ஃபைல்களின் பிளாக்குகளைக் கூட்டும். பெரிய டிஸ்க் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

அந்த எக்ஸ் எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டியூ பக்கத்து டிஸ்க்குகளுக்குள்ளும் போய்க் கூட்டிவிடும், ஒப்பிட முடியாமல் போகும். ரூட் உரிமை இல்லாமல் ஓட்டினால் நுழைய முடியாத ஃபோல்டர்கள் கணக்கில் வராது. அதையே இடம் தொலைந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

டிஎஃப் சொல்லும் அளவும் டியூ சொல்லும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எதுவும் தொலையவில்லை, டிஸ்க் உண்மையாகவே நிரம்பியிருக்கிறது. டிஎஃப் நிறையக் கூடுதலாகச் சொன்னால் மட்டும் மேலே படியுங்கள். அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதி வையுங்கள். இனி ஒவ்வொரு படியிலும் அந்தத் தொகையில் எவ்வளவு கழிகிறது என்று பார்ப்போம். ஒரே காரணத்தில் முழுத்தொகையும் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: தொலையாமலே தொலைந்ததுபோல் தெரிகிறவை

இதில் மூன்று இருக்கிறது. சீக்கிரம் பார்த்துவிடலாம்.

ஒன்று, ரூட்டுக்கு ஒதுக்கிய பங்கு. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று எடுத்து வைக்கும். டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் சேவைகள் ஓட வேண்டும், துண்டு துண்டாகச் சிதறுவதும் குறைய வேண்டும் என்பதற்காக. 500 ஜிபி டிஸ்க்கில் 458 ஜிபி அளவு காட்டும், 435 பயன்பட்டது என்று காட்டும், மீதி பூஜ்யம் என்று காட்டும். கழித்துப் பார்த்தால் 23 ஜிபி உதைக்கும். அது அந்த ஒதுக்கீடுதான். வெறும் படமும் வீடியோவும் வைக்கும் டிஸ்க் என்றால் "டியூன்2எஃப்எஸ் -எம் 1" கொடுத்து ஒரு சதவீதமாகக் குறைக்கலாம், டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் நான் கை வைப்பதில்லை.

இரண்டு, ஐநோடு தீர்ந்துபோவது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு, அதாவது அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் சிறு பதிவு, வேண்டும். ஈஎக்ஸ்டி4-இல் அதன் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. லட்சக்கணக்கில் குட்டிக்குட்டி ஃபைல்கள் சேர்ந்தால், ஜிபி கணக்கில் இடம் இருக்கும்போதே "இடம் இல்லை" என்று அதே பிழைச்செய்தி வரும். "டிஎஃப் -ஐ" கொடுத்தால் தெரிந்துவிடும். அங்கே 100 சதவீதம் என்றால் உங்களுக்கு வேண்டியது இந்த வழிகாட்டி இல்லை, குட்டி ஃபைல்களைக் குவிக்கும் நிரலைத் தேடுங்கள்.

மூன்று, ஸ்னாப்ஷாட். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், மேக் கணினிகளின் ஏபிஎஃப்எஸ் இவற்றில் பழைய நிலையைப் படம் பிடித்து வைத்திருந்தால், ஃபைலை அழித்தாலும் அந்த ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை இடம் வராது. இசட்எஃப்எஸ் என்றால் "இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ்", மேக் என்றால் "டிஎம்யுடில் லிஸ்ட்லோக்கல்ஸ்னாப்ஷாட்ஸ் /". பிடிஆர்எஃப்எஸ்-இல் இன்னொரு சங்கதியும் உண்டு. அது இடத்தைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, சிலதை டேட்டாவுக்கும் சிலதை மெட்டாடேட்டாவுக்கும் (ஃபைல்களைப் பற்றிய கணக்கு) கொடுத்துவிடும். டேட்டாத் துண்டுகள் பாதி காலியாகக் கிடக்கும்போதே மெட்டாடேட்டாவுக்கு இடமில்லாமல் எழுத மறுக்கலாம். "பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்" முழுக் கணக்கையும் காட்டும். பாதி காலியான துண்டுகளை ஒன்று சேர்க்க பேலன்ஸ் ஓட்ட வேண்டும்.

மூன்றாம் படி: அழித்தும் சாகாத ஃபைல்கள்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்த புகார்களில் பாதிக்கு மேல் இதுதான்.

யூனிக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால், உண்மையில் அதன் பெயரை எடுப்பது மட்டும்தான். பெயர் போய், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் பிளாக்குகள் விடுதலையாகும். வீட்டுக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டோம், உள்ளே ஆள் இன்னும் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூ பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் எண்ணும், அதற்கு இந்த வீடு தெரியாது. டிஎஃப்புக்குத் தெரியும்.

தக்கலையில் ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் சேர்ந்து வரும் சீசனில் அங்கே இரவும் பகலும் வேலை நடக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை சர்வர் நின்றுவிட்டது. டிஎஃப் 435 ஜிபி என்றது, டியூ 301 என்றது. 134 ஜிபியைக் காணவில்லை. கடையில் வேலை செய்யும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, லாக் ஃபோல்டர்ல ஒரு பெரிய ஃபைல் கிடந்துது. அதை நேத்தே அழிச்சிட்டேன். ஆனா இடம் கூடல்ல." அவன் செய்ததில் தப்பில்லை. ஃபைல்களைப் பகிரும் சேவை அந்த லாக்கை, அதாவது நடப்பதைக் குறித்துவைக்கும் ஃபைலை, திறந்து வைத்து இன்னும் அதில் எழுதிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரே வரி போதும்: "எல்எஸ்ஓஎஃப் +எல்1". இங்கே கூட்டல் குறிக்குப் பின் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே உள்ள, ஆனால் திறந்து கிடக்கும் ஃபைல்களை எல்லாம் காட்டும். எந்த நிரல், அதன் எண், ஃபைலின் அளவு மூன்றும் அந்த வரியிலேயே இருக்கும். பட்டியலில் நிறைய வரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். பல நிரல்கள் தற்காலிக ஃபைலைத் திறந்தவுடனே பெயரை எடுத்துவிடுவது வழக்கமான ஒரு முறை. அளவு பெரிதாக இருப்பவற்றை மட்டும் பாருங்கள். அந்தக் கடையில் ஒரே வரியில் 71 ஜிபி இருந்தது.

சரி, எப்படி மீட்பது? அந்தச் சேவையை முறையாக ரீஸ்டார்ட் செய்வதுதான் நல்ல வழி. நிரல் நின்றதும் ஃபைல் மூடும், இடம் திரும்பும். நிறுத்தவே முடியாத நேரம் என்றால், ப்ராக் ஃபோல்டரில் அந்த நிரலின் எண்ணுக்குள் எஃப்டி என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் அந்த ஃபைலுக்குரிய எண்ணை எடுத்து, காலி உள்ளடக்கத்தை அதன் மேல் எழுதலாம். ஆனால் லாக் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். டேட்டாபேஸின் தற்காலிக ஃபைலில் இதைச் செய்தால் கதை முடிந்தது. இன்னொன்று: சில நிரல்கள் தாங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். அப்போது எல்எஸ்ஓஎஃப்பில் அளவு மறுபடியும் 71 ஜிபி என்றே தெரியும். முன்பகுதி ஓட்டையாக இருப்பதால் டிஸ்க்கில் அவ்வளவு இடம் போகாது. டிஎஃப்பை நம்புங்கள்.

எல்எஸ்ஓஎஃப் காட்டாதவையும் இரண்டு உண்டு. லூப் டிவைஸாக (ஒரு ஃபைலையே டிஸ்க் மாதிரி) மாட்டிய இமேஜ் ஃபைலை அழித்திருந்தால் அதைப் பிடித்து வைத்திருப்பது கெர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி), எந்த நிரலும் இல்லை. "லோசெட்அப் -ஏ" கொடுத்தால் டெலீட்டட் என்ற குறியோடு தெரியும். பழைய கெர்னல்களில் அழித்த ஸ்வாப் ஃபைலும் (நினைவகம் போதாதபோது பயன்படுவது) அப்படித்தான், ப்ராக் ஃபோல்டரில் ஸ்வாப்ஸ் என்ற ஃபைலைப் பாருங்கள்.

நான்காம் படி: மவுண்ட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பவை

அதே கடையில் 71 போக இன்னும் 63 ஜிபி மீதி இருந்தது. இரவு 11 மணிக்கு வெளி டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் அங்கே இருந்தது. என்றைக்கோ ஓர் இரவு யுஎஸ்பி கேபிள் தளர்ந்து அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதற்குரிய ஃபோல்டரோடு இணையவில்லை. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. பேக்கப் என்ற ஃபோல்டர் இருந்தது, எழுதிவிட்டது. எழுதியது சிஸ்டம் டிஸ்க்கில். மறுநாள் யாரோ கேபிளைச் சரியாகக் குத்தினார்கள், வெளி டிஸ்க் அதே ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே உள்ள 63 ஜிபி கண்ணுக்குத் தெரியாமல் போனது. பாய்க்கு அடியில் பணம் வைத்த மாதிரி.

பாயை எடுக்காமலே அடியில் பார்க்கலாம்: "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி". இப்போது எம்என்டி ஃபோல்டருக்குள் போனால், மேலே எதுவும் மவுண்ட் ஆகாத வெறும் ரூட் ஃபைல் சிஸ்டம் தெரியும். அங்கே டியூ ஓட்டுங்கள், 63 ஜிபி வெளியே வரும். அழிக்கும் முன் அது மேலே உள்ள பேக்கப்பிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் எம்என்டியை அன்மவுண்ட் செய்ய மறக்காதீர்கள்.

301, 71, 63 மூன்றையும் கூட்டினால் 435. அந்தக் கடையில் ஃபைல் சிஸ்டத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த இடத்திலேயே உங்கள் கணக்கும் நேராகிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேராகவில்லையா? அப்படியென்றால் உண்மையான கசிவு

குளச்சலில் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் 116 ஜிபி கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

மறுபடி பட்டாவுக்கு வருவோம். எந்த பிளாக் போயிருக்கிறது, எது காலி என்று ஃபைல் சிஸ்டம் ஒரு பிட்மேப் வைத்திருக்கிறது, அது கிராமக் கணக்கு. எந்த ஃபைலுக்கு எந்த பிளாக் சொந்தம் என்று ஐநோடு வைத்திருக்கிறது, அது பட்டா. கிராமக் கணக்கில் "இது ஒருவருடையது" என்று இருக்கிறது, ஆனால் யார் பட்டாவிலும் அந்தச் சர்வே எண் இல்லை என்று வையுங்கள். யாரும் பயிரிட முடியாது, புறம்போக்கு என்று யாருக்கும் கொடுக்கவும் முடியாது. தொலைந்த பிளாக் என்பது அதுதான்.

இது ஏன் நடக்கிறது? ஒரு ஃபைலை அழிக்க டிஸ்க்கில் மூன்று நான்கு இடங்களில் எழுத வேண்டும்: ஃபோல்டரில், ஐநோட்டில், பிட்மேப்பில். நடுவில் கரண்ட் போனால் சில இடத்தில் எழுதியிருக்கும், சிலவற்றில் எழுதியிருக்காது. அப்போது இரண்டு விதமாகத் தப்பலாம். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை "போயிருக்கிறது" என்று சொல்வது ஒன்று. ஒருவருக்குச் சொந்தமான இடத்தைக் "காலி" என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது நடந்தால், அந்த இடத்தில் இன்னொரு ஃபைல் வந்து எழுதி இரண்டுமே நாசமாகும். அதனால் ஃபைல் சிஸ்டம் வடிவமைக்கிறவர்கள் பலர், தப்பியே ஆகவேண்டும் என்றால் முதல் விதமாகத் தப்பும்படி எழுதும் வரிசையை அமைக்கிறார்கள். இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளிலிருந்துதான் இடம் தொலைந்தது என்ற செய்தியைப் பார்த்து எனக்குப் பதற்றம் வருவது நின்றது.

இது பழைய சங்கதி. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ஐசெக் என்ற கட்டளை இருந்தது. எந்த ஃபைலிலும் இல்லாத, காலிப் பட்டியலிலும் இல்லாத பிளாக்குகளை "மிஸ்ஸிங்" என்று எண்ணிச் சொல்லும். எஸ் எழுத்தைச் சேர்த்தால் காலிப் பட்டியலைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். அதன் வேலையைப் பின்னால் எடுத்துக்கொண்டது டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை. மெக்குசிக்கும் கேங்கரும் 1999-இல் விளக்கிய, எழுதும் வரிசையைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட் அப்டேட்ஸ் முறை இதை ஒரு கொள்கையாகவே ஆக்கியது: கரண்ட் போனால் மிஞ்சக்கூடிய பிழை, விடுதலையாக வேண்டிய பிளாக்கும் ஐநோடும் விடுதலையாகாமல் கிடப்பது மட்டுமே. அதனால் ஃப்ரீபிஎஸ்டியில் (யூனிக்ஸ் வகைச் சிஸ்டம் ஒன்று) உடனே மவுண்ட் செய்து வேலையை ஆரம்பித்துவிட்டு, பின்னணியில் எஃப்எஸ்சிகே ஓட்டி இடத்தை மீட்கலாம். லினக்ஸில் 2001 முதல் ஈஎக்ஸ்டி3-யும் அதற்குப் பின் ஈஎக்ஸ்டி4-உம் ஜர்னல் (செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பு) வைத்து, பாதியில் நின்றதை அடுத்த மவுண்ட்டில் முடித்துவிடுகின்றன. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையில் "ஆர்ஃபன் ஐநோட்ஸ் டெலீட்டட்" என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது நல்ல செய்தி.

ஐந்தாம் படி: கசிவு நினைவகத்திலா, டிஸ்க்கிலா?

இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. செய்தால் பாதி வேலை மிச்சம். டிஎஃப் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து, எஃப்எஸ்சிகே எதுவும் ஓட்டாமல் மறுபடி மவுண்ட் செய்யுங்கள். ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) என்றால் ரீஸ்டார்ட்.

இடம் திரும்பிவிட்டதா? அப்படியென்றால் டிஸ்க்கில் எழுதியிருந்த கணக்கு சரி, ஓடிக்கொண்டிருந்த கெர்னல் மனக்கணக்கில்தான் தப்பு. ஈஎக்ஸ்டி4 மவுண்ட் ஆகும்போது ஒவ்வொரு பிளாக் குழுவின் காலி எண்ணிக்கையையும் கூட்டிப் புதிதாக ஆரம்பிக்கும், அதனால் பழைய மனக்கணக்கு அழிந்துபோகும். பின்னால் எழுதுவதற்காக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் பிளாக்குகளைத் திருப்பி விட மறக்கும் பிழைகள் இந்த வகை. டிமெஸ்க்கில் "ஐ_ரிசர்வ்டு_டேட்டா_பிளாக்ஸ் நாட் கிளியர்டு" என்று ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். கெர்னலைப் புதுப்பிப்பதுதான் மருந்து. எல்எஸ்ஓஎஃப்பில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஃபைலும் ரீமவுண்ட்டில் விடுதலையாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இடம் திரும்பவில்லை என்றால் தப்பு டிஸ்க்கிலேயே இருக்கிறது. குளச்சலில் திரும்பவில்லை.

ஆறாம் படி: கை வைக்கும் முன்

"ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" ஓட்டி டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார் என்ற வரிகளில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தால் ரிப்பேரைத் தொடாதீர்கள். டிடிரெஸ்கியூ வைத்து வேறு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள், ரிப்பேரை நகலில் செய்யுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும், இழக்க முடியாத ஃபைல்களை வெளியே நகல் எடுத்துவிட்டுத்தான் நான் அடுத்த அடி வைப்பேன்.

இது ஃபைல் சிஸ்டத்தின் பிழைதான் என்று சந்தேகம் வந்து எழுதியவர்களுக்குச் சொல்ல நினைத்தால், சாட்சியை இப்போதே எடுத்து வையுங்கள். எஃப்எஸ்சிகே ஓடிய பின் ஒன்றும் மிஞ்சாது. "ஈ2இமேஜ் -ஆர்" மெட்டாடேட்டாவை மட்டும் ஒரு ஃபைலாக எடுக்கும், உங்கள் படமோ கணக்கோ அதில் போகாது. ஃபைல் பெயர்கள் மட்டும் போகும். அதுவும் வேண்டாம் என்றால் எஸ் சேருங்கள், பெயர்களைக் கலைத்துவிடும். கூடவே கெர்னல் பதிப்பு, மவுண்ட் விருப்பங்கள், "டம்ப்ஈ2எஃப்எஸ் -எச்" தரும் விவரம் மூன்றும் போதும்.

ஏழாம் படி: எஃப்எஸ்சிகேயை முதலில் பேச விடுங்கள்

மவுண்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகேயை ஓட்டக் கூடாது. ரிப்பேர் செய்தால் கெடுத்துவிடும். சும்மா பார்க்கச் சொன்னாலும் பொய்யான பிழைகளைக் காட்டும். அன்மவுண்ட் செய்யுங்கள். ரூட் டிஸ்க் என்றால் லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஏறிச் செய்யுங்கள்.

"ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்என்" என்று கொடுத்தால் எதையும் மாற்றாமல் ஐந்து சுற்றும் போய்ச் சொல்லும். ஐநோடுகளும் பிளாக்குகளும், ஃபோல்டர் அமைப்பு, ஃபோல்டர் தொடர்பு, பெயர் எண்ணிக்கை, கடைசியாகக் குழுக் கணக்கு. வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து நிதானமாகப் படியுங்கள்.

ஐந்தாம் சுற்றில் "பிளாக் பிட்மேப் டிஃபரன்ஸஸ்" என்று ஒரு வரி வந்து, பிறகு எண்கள் ஓடும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் கழித்தல் குறியா கூட்டல் குறியா என்று பாருங்கள். கழித்தல் என்றால், பிட்மேப்பில் போயிருக்கிறது என்று இருக்கிறது, ஆனால் எந்த ஐநோடும் உரிமை கோரவில்லை. நாம் தேடும் தொலைந்த இடம் அதுதான், பயமில்லை. கூட்டல் என்றால், ஒரு ஃபைலுக்குச் சொந்தமான பிளாக்கை பிட்மேப் காலி என்கிறது. முதல் சுற்றிலேயே "மல்ட்டிப்ளை கிளெய்ம்டு" என்று வந்தால் இரண்டு ஃபைல்கள் ஒரே பிளாக்குக்குச் சண்டை போடுகின்றன. இந்த இரண்டில் எது வந்தாலும் நிறுத்துங்கள். முழு நகல் இல்லாமல் மேலே போகாதீர்கள். ஒரு சந்தேகம் வரலாம்: பிட்மேப் வித்தியாசம் எதுவும் இல்லாமல், சூப்பர்பிளாக்கின் (ஃபைல் சிஸ்டத்தின் மொத்த விவரம் இருக்கும் இடம்) காலி எண்ணிக்கை மட்டும் தப்பு என்று வந்தால் அது கசிவு இல்லை. ஈஎக்ஸ்டி4 அந்த எண்ணை அவ்வப்போதுதான் எழுதும்.

நான்காம் சுற்றில் "அன்அட்டாச்டு ஐநோடு" வந்தால் கசிவின் இன்னொரு முகம். ஃபோல்டரில் பெயர் போய்விட்டது, ஐநோடும் பிளாக்குகளும் அப்படியே கிடக்கின்றன. ஐநோடு அழிந்து பிட்மேப் மட்டும் பழையபடி நின்றால் கழித்தல் குறி, ஐநோடே நின்றுவிட்டால் அன்அட்டாச்டு.

குளச்சலில் இரண்டும் இருந்தன. கழித்தல் குறியில் சுமார் 94 லட்சம் பிளாக். ஒரு பிளாக் 4 கேபி, ஆக 36 ஜிபி. மீதி 80 ஜிபி அன்அட்டாச்டு ஐநோடுகளாகக் கிடந்தது. கூட்டல் குறி ஒன்றுகூட இல்லை.

இனி ரிப்பேர். முதலில் "ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்பி". இது பாதுகாப்பானதை மட்டும் தானே திருத்தும், மனிதர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும். அப்படி நின்றால், முன்பே படித்த பட்டியலில் ஆபத்தானது எதுவும் இல்லை என்று உறுதி இருந்தால் மட்டும் "-எஃப்ஒய்". முடிந்ததும் திரும்பும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் திருத்தியாயிற்று, 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது. மறுபடி "-எஃப்என்" ஓட்டி, சுத்தம் என்று அது சொல்லும்வரை விடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் இதே வேலைக்கு "எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்". அங்கேயும் முதலில் -என்.

எட்டாம் படி: ஓட்டையை அடைப்பது

116 ஜிபி ஒரே நாளில் போகவில்லை. அந்த டிஸ்க்கை யாரோ வேகமாக இருக்கும் என்று ஜர்னல் இல்லாத ஈஎக்ஸ்டி2-ஆக ஃபார்மட் செய்திருந்தார்கள். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரிக் கடைசியில் 0 என்று போட்டிருந்தார்கள். 0 என்றால் பூட் ஆகும்போது சோதிக்காதே என்று அர்த்தம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இடியோடு இன்னொரு மழை. கரண்ட் போய்ப் போய் வரும். அந்த நிரலோ நாள் முழுக்க ஒரு ஜிபி ஒரு ஜிபியாகப் பழைய ஃபைலை அழித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பாதியில் அழிந்த ஒன்றோ இரண்டோ தொங்கிவிடும். சோதனை இல்லாததால் அப்படியே சேர்ந்துகொண்டே வந்தது. 2017-இல் ஓகி புயல் அடித்தபோது நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு, வந்து வந்து போன கரண்டில் ஆன் செய்த கணினிகளில் என்னென்ன பார்த்தேன் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யுபிஎஸ் இல்லாமல் சர்வர் வைக்காதீர்கள் என்று நான் அப்போதிருந்து எல்லாரிடமும் கெஞ்சுகிறேன்.

செய்தது மூன்று. எஃப்எஸ்டேப்பில் அந்த 0-ஐ 2 ஆக்கினேன். ரூட் டிஸ்க்குக்கு 1, மற்றவற்றுக்கு 2. "டியூன்2எஃப்எஸ் -ஜே" கொடுத்து ஜர்னல் சேர்த்தேன். ஃபைல்கள் அப்படியே இருக்க ஈஎக்ஸ்டி2, ஈஎக்ஸ்டி3 ஆகிவிடும். மூன்றாவது, பேட்டரி குறைந்தால் கணினியை ஒழுங்காக நிறுத்தும்படி யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளில் இணைத்தேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் டிஸ்க் கேபிள் முனைகள் பச்சை பிடிக்கும். வருடம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

கடைசி வேலை: லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டர்

எஃப்எஸ்சிகே மீட்ட அன்அட்டாச்டு ஐநோடுகள் டிஸ்க்கின் உச்சியில் உள்ள லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில், ஹேஷ் குறியும் ஐநோடு எண்ணும் மட்டுமே பெயராக, வந்து உட்காரும். அவை இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், எஃப்எஸ்சிகே முடிந்ததும் டிஎஃப் முழுதாக இறங்கவில்லையே என்று குழம்பாதீர்கள். இப்போது டியூவுக்கும் அவை தெரியும். "ஃபைல்" என்ற கட்டளையை அவற்றின் மேல் ஓட்டினால் எது வீடியோ, எது படம், எது வெறும் எழுத்து என்று சொல்லும். திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும்.

ஐஸ் பிளாண்டில் அப்படி 80 வீடியோ கிடைத்தது, சிலது இரண்டு வருடம் பழையது. உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒன்றில் விடியற்காலை லோடு ஏற்றும் இடத்தில் அவருடைய அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மீதியை அழிக்கச் சொன்னார். டிஎஃப் காலி இடத்தை 116 ஜிபி கூடுதலாகக் காட்டியது. நாலாம் நாள் மறுபடி போன் செய்து, முப்பது நாள் படமும் கிடக்கிறது என்றார்.